நடுவயிற்று நீதி

ராஜகனியின் முகம் வெயில் ஏறும் நேரத்தில் வக்கீல் குற்றாலிங்கத்தின் வீட்டுக்கு நேர்மேலே வந்து நின்றது. பல் தெரியச் சிரித்தது. பிறகு மழையாகப் பெய்தது.

அவ்வளவு பெரிய ஆவரங்குடியில், அவ்வளவு அகல வானத்தில், அந்த முகிற்படத்துக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. அவர் வீட்டு மொட்டை மாடிதான் கிடைத்தது. அங்கேதான் அவர் மனைவி பிரம்மசக்தி கூழ்வத்தல் பிழிந்து காயப் போட்டிருந்தாள்.

"என்னத்த அண்ணாந்து பாக்கீய? ஓடிவந்து வத்தலை அள்ளுங்க!"

"பாத்தியாட்டீ அவ திமிரை? என் வீட்டு மேல வந்து நின்னு சிரிக்கா. அவ சிரிச்சா மழை பெய்யுது. நான் சிரிச்சா..."

"நீங்க என்னைக்குச் சிரிச்சிய, மழை பெய்ய?"

தேர்தல் வந்துவிட்டால் மேகத்தின் மேல் மின்தூள் தூவி வேட்பாளர் முகத்தை வரைந்துவிடுவது அப்போது வழக்கமாகியிருந்தது. சுவரொட்டி என்றால் மாடு தின்னும். மேகத்தை எந்த மாடு எட்டித் தின்னும்? குற்றாலிங்கமும் தம் பங்குக்கு ஒரு முகிலை விட்டார். அது மேற்கே மலையில் முட்டி, நெற்றி கரைந்து, தாடை கரைந்து, மூக்கு மட்டும் ஒரு வாரமாக மாவட்டம் முழுக்க அலைந்தது. "யாரு மூக்குவே இது?" என்று ஊரே கேட்டது. ஓட்டுக் கேட்டு வந்த மூக்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராஜகனிக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. இருவரும் ஒரே சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தவர்கள். அந்த ஆபீசில் ஒரே ஒரு சுழல்விசிறி. எல்லார் பக்கமும் திரும்ப வேண்டிய விசிறிதான். ஆனால் ராஜகனியின் பக்கம் வந்ததும் அதற்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அங்கேயே நின்று அவளுக்கே வீசும். "அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டுதே" என்று அவள் இரக்கப்பட்டு அவரோடு இடம் மாற்றிக்கொண்டாள். மறுநாளிலிருந்து விசிறிக்குக் கழுத்து மறுபக்கம் பிடித்துக்கொண்டது! அன்றைக்குப் பற்றிய நெருப்பு. இத்தனை வருடத்தில் அவள் நடத்திய வழக்கெல்லாம் ஜெயித்தது, அவள் நட்ட செடியெல்லாம் பூத்தது, அவள் போட்ட உப்பெல்லாம் சரியாக இருந்தது. குற்றாலிங்கத்தின் வயிறு அணையாத செங்கல் சூளையாக எரிந்துகொண்டே இருந்தது.

ராஜகனி மேல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எரிகிற அடுப்புக்கு எந்த விறகானால் என்ன? அவர் ஒரு முருங்கையை ஏறிட்டுப் பார்த்து, "நல்லாக் காச்சிருக்கே" என்று சொன்னால் போதும், அது மூன்று தலைமுறைக்குக் கீரைகூடத் தராது. எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஒரு பறவண்டி வாங்கி, இவர் கண்ணுக்குப் பயந்து, போர்வை போட்டு மூடித்தான் வானத்தில் ஓட்டினார். குற்றாலிங்கம் கோர்ட்டு பார் ரூமுக்குள் நுழைந்தால் சக வக்கீல்கள் புதுச் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் நீதிபதித் தேர்தலில் நின்றார். எதற்கு? நீதிக்காகவா? ராஜகனி மனுத் தாக்கல் செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அரைமணி நேரத்தில் அவரும் செய்தார். அந்த நாற்காலி தமக்குக் கிடைக்க வேண்டும்; முக்கியமாக, அவளுக்குக் கிடைக்கக் கூடாது. அவருக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

நீதிபதியை ஓட்டுப் போட்டு எடுக்கும் ஏற்பாடு வந்ததற்கு ஒரு கதை உண்டு. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் 'தீர்ப்பி' என்ற எந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மனுவைப் போட்டால் இந்தப் பக்கம் தீர்ப்பு வரும். ஒரு பிழை சொல்ல முடியாது. ஆனால் சனங்கள் ஒப்பவில்லை. "தோத்தவன் மண்ணை வாரித் தூத்த ஒரு மூஞ்சி வேண்டாமாவே? இந்தத் தகரப் பெட்டிகிட்ட 'நீ நல்லா இருப்பியா'ன்னு கேட்டா அதுக்கு என்ன தெரியும்?" என்று எந்திரங்களைத் தாமிரபரணியில் தூக்கிப் போட்டார்கள். சாபம் விடுவதற்காவது ஒரு மனிதர் வேண்டும் என்று அரசாங்கத்துக்குப் புரிந்தது. ஆனால் மனிதன் என்றால் பாரபட்சம் இருக்குமே? அதற்குத்தான் சாய்முள் வந்தது.

ஒருவர் பக்கம் மனசு சாய்ந்தால், அந்தப் பக்கத்துக் கன்னத்தில் ரத்தம் மயிரிழை அளவு கூடுதலாகச் சூடேறும். கண்மணி தூசியளவு அந்தப் பக்கம் நகரும். நீதிமன்றத்தில் வாதி எப்போதும் வலப்பக்கம், பிரதிவாதி இடப்பக்கம். சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் சாய்முள் அந்தத் துளி வித்தியாசத்தை ஊதிப் பெரிதாக்கி, கடிகார முள் போலச் சாய்ந்து காட்டும். முள் சாய்ந்த நேரத்தில் சொன்ன தீர்ப்பு செல்லாது. மூன்று தீர்ப்பு செல்லாமல் போனால் நாற்காலி, தோற்ற வேட்பாளருக்குப் போய்விடும்.

வாக்குப்பதிவுக்கு முதல்நாள் சந்தைத் திடலில் சாய்வுச் சோதனை நடந்தது. வேட்பாளரின் முள்ளைப் பனைமர உயரத்துக்குத் திரையில் காட்டினார்கள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எறும்பு ஊரக்கூட முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது.

சோதனைக்கு எடுத்தது ஒரு தென்னைமர வழக்கு. வாதி மாடத்தி என்ற விதவை. அவளுடைய மரம் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. காயெல்லாம் அந்த வீட்டு முற்றத்தில் விழுகிறது. பிரதிவாதி தளவாய் அதை எடுத்து அரைத்துச் சாப்பிடுகிறார்.

முதலில் ராஜகனி. மாடத்தி, "இந்த மரம் ஒண்ணுதாம்மா எனக்கு" என்று ஆரம்பித்ததுமே ராஜகனியின் கண் கலங்கியது. முள் வலப்பக்கம் சரிந்து, படுத்து, குறட்டை விடாத குறைதான். "எம்மா, நிமித்தும்மா!" என்று கூட்டம் கத்தியது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்படிய்யா நிமித்த? பாவம்லா!" என்றாள்.

அடுத்து குற்றாலிங்கம். மேடையேறும்போது யாரோ, "பேரிலேயே குத்தம் இருக்குவே இந்தாளுக்கு!" என்றான். சிரிப்பு எழுந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு குலையில முப்பது காய் காய்க்கும்" என்றாள் மாடத்தி.

முப்பதா? தம் வீட்டுத் தென்னையில் குரும்பைகூட நிற்பதில்லையே! இவளுக்கு மட்டும் எந்தச் சாமி ஊற்றுகிறது தண்ணீர்? வயிறு பற்றியது.

"நான் ஏறலை, பறிக்கலை ஐயா. அதுவா வந்து முத்தத்துல விழுது. நான் என்ன செய்ய?" என்றார் தளவாய்.

உட்கார்ந்த இடத்தில் இளநீரா? ஏறக்கூலி கிடையாது, தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், வாயைத் திறந்தால் தேங்காய் விழும்! தாம் ஒரு காய்க்குக் கடை கடையாக அலையும்போது இவனுக்கு எழுதின எழுத்தைப் பார். வயிறு இன்னும் பற்றியது.

திரையில் முள் நெட்டுக்குத்தாக நின்றது. சுவரில் அடித்த ஆணி ஆடும், அது ஆடவில்லை. முள் பொறியாளர் இன்பசேகர் ஓடிவந்து தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கழற்றித் தம் சட்டையில் குத்திப் பார்த்தார். அவர் சட்டையில் அது மாடத்தி பக்கம் விழுந்தது. திரும்ப இவருக்குக் குத்தினார். ஆணி!

அன்பு வலப்பக்கமாக வரும், இடப்பக்கமாக வரும். இரக்கமும் அப்படித்தான். வயிறு மட்டும் உடம்புக்கு நட்டநடுவில் இருக்கிறது. அது எரிந்தால் சூடு இரண்டு கன்னத்துக்கும் சமமாகத்தானே ஏறும்? சாய்முள்ளைச் செய்த மேதைகள் ஆசாபாசம் அத்தனையையும் கணக்கில் எடுத்தார்கள், வயிற்றெரிச்சலை விட்டுவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்றாலும், அது தங்களுக்கு இருப்பதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

குற்றாலிங்கம் ஜெயித்தார். ஆவரங்குடி கண்டிராத வாக்கு வித்தியாசம்; வாக்காளர் பட்டியலைவிடக் கூடுதலாகவே விழுந்திருக்கும் என்றுகூடச் சொன்னார்கள். ராஜகனியே மாலையோடு வந்து, "அண்ணாச்சி, மனசு நெறஞ்சிருக்கு" என்றாள். ராஜகனி தோற்றுப்போய், கையில் மாலையோடு, தம் முன்னால்! குற்றாலிங்கத்தின் வயிறு பிறந்ததிலிருந்து முதன்முறையாகக் குளிர்ந்தது.

வினையே அதுதான்.

முதல் நாள், முதல் வழக்கு. வாதி வணக்கம் சொன்னார். பாவம், நல்ல மனுசன் என்று தோன்றியது. முள் வலப்பக்கம் விழுந்தது. பிரதிவாதி லேசாக இருமினார். ஐயோ, சளி பிடித்திருக்கிறதே என்று தோன்றியது. முள் இடப்பக்கம் விழுந்தது. தீர்ப்பு சொல்லி முடிப்பதற்குள் அது கோயில் மணியின் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. செல்லாது என்றது முள். மறுநாளும் செல்லாது. டவாலி அணிந்த சேவகர் கதவைத் திறந்துவிட்டால்கூட அவர் பக்கம் சாய்ந்தது.

"இன்னொண்ணு போச்சுன்னா நாக்காலி ராஜகனிக்குப் போயிரும்ட்டீ" என்றார் வீட்டில். சோறு இறங்கவில்லை.

"எதை நெனச்சாவது எரியுங்களேன்."

"எதை நெனச்சு எரிய? எல்லாந்தான் கெடச்சுட்டே!"

அடுத்த நாள் நீதிமன்ற வராந்தாவில் ராஜகனி எதிரே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டையில் தொங்கித் தள்ளாடும் முள்ளைப் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் சிரிப்பாக, "அண்ணாச்சி, சொல்ல மறந்துட்டேன் பாருங்க. எம் மக சந்திரன்ல வீடு கட்டிட்டா! வாற வெள்ளி பால்காய்ச்சு. சன்னலத் தொறந்தா பூமி தெரியுமாம். அங்க இருந்து பாத்தா நம்ம கோர்ட்டு கடுகு அளவுதான்னு சொல்லிச் சிரிக்கா" என்றாள்.

சந்திரனில் வீடு! குற்றாலிங்கத்தின் மகன் இன்னும் மேலப்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறான். குப்பென்று பற்றியது வயிறு. டக்கென்று நிமிர்ந்தது முள். அன்று சொன்ன தீர்ப்பு செல்லுபடியானது.

அதிலிருந்து ராஜகனி தினமும் வராந்தாவில் நின்றாள். ஒரு நாள் அவளுக்குப் பழைய முழங்கால் உதிர்ந்து புது முழங்கால் முளைத்திருந்தது: "மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டுதேன் அண்ணாச்சி." ஒரு நாள் மருமகன் கடலடித் தோட்டத்திலிருந்து பூசணி அளவுக்கு ஆப்பிள் அனுப்பியிருந்தான். ஒரு நாள் அவள் வீட்டு மல்லிகை தானாகவே சரம் தொடுத்துக்கொண்டது. கேட்கக் கேட்கக் குற்றாலிங்கம் எரிந்தார். எரிய எரிய நீதி வழங்கினார். 'நெட்டுக்குத்து நீதிபதி' என்று அவர் புகழ் கடல் தாண்டியது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் கொதித்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

புகழ் வந்தால் ஆராய்ச்சி வரும். முள் ஆணையம் இன்பசேகரை அனுப்பி, குற்றாலிங்கத்தை அளந்து, சூடு பார்த்து, இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டது. உடனே எல்லா நீதிமன்றத்துக்கும் உத்தரவு பறந்தது. நீதிபதிகளின் வயிறு குளிரும்படி யாரும் நடக்கக் கூடாது. மோர், இளநீர், பதநீர் தடை. நீதிபதியைப் பாராட்டினால் நீதிமன்ற அவமதிப்பு. ஊரில் யாருக்கு நல்லது நடந்தாலும் முதல் தகவல் நீதிபதிக்கே.

மற்ற ஊர்களில் நடந்த அடுத்த சுற்றுத் தேர்தலில் மேகமெல்லாம் முகம் சுளித்தது. "எங்கள் வேட்பாளர் சொந்தத் தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்காராமலே வந்தவர்!" என்று ஒரு கட்சி முழங்க, "எங்கள் வேட்பாளர் கல்யாணத்துக்கே போகாதவர்!" என்று எதிர்க்கட்சி திருப்பி முழங்கியது. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவனை விட்டுவிட்டு, அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனைத் தேடிப் பிடித்தார்கள். பொறாமை இல்லாத பிள்ளையைப் பெற்றவர்கள் கவலைப்பட்டார்கள்; நாளைக்கு இவன் எப்படிப் பிழைப்பான்?

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு மத்தியானம் பிரம்மசக்தி சாப்பாட்டை வைத்துவிட்டு, பரிமாறாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் இன்னைக்கு ராஜகனி வீட்டுக்குப் போயிருந்தேன்."

"அந்த மல்லியப் பாத்தியா?"

"மல்லியும் இல்ல, மண்ணும் இல்ல. தொட்டியில காஞ்ச குச்சி நிக்கி. முழங்காலுக்குப் பத்துப் போட்டுக் கட்டிருக்காவ. கோர்ட்டுக்கு வர்றப்போ மட்டும் கட்டை அவுத்துட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நடக்காவளாம். சந்திரனாவது, வீடாவது! மக போன்லகூடப் பேசுறதில்லை. மழை வந்தா வீடு ஒழுகுது, நடுவீட்டுல குண்டாச்சட்டி வச்சிருக்காவ."

குற்றாலிங்கம் வெறும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்ப தெனமும் சொன்னது?"

"பொய்யி. உங்க முள்ளு நிக்கணும்னு சொன்ன பொய்யி. 'சும்மா இருந்திருந்தா நாக்காலி உங்களுக்குல்லா வந்திருக்கும்?'னு நானும் கேட்டேன். என்ன சொன்னாவ தெரியுமா? 'எனக்கு அது வெறும் நாக்காலி பிரம்மசக்தி. அண்ணாச்சிக்கு அதுதான் உசுரு. அந்த ஆபீசுல அவ்வோ வேர்வையில நனைஞ்சு நின்னது இன்னும் எங் கண்ணுக்குள்ளயே நிக்கி'ங்காவ."

அவள் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஏன் சொன்னாள் என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்ட சேதியை எந்த மனுசியால் அடக்கி வைக்க முடியும்? குற்றாலிங்கத்துக்கு வயிறு சில்லென்று ஆகிவிட்டது. பொறாமைப்பட இனி என்ன இருக்கிறது? ஒழுகும் வீடா? வீங்கிய முழங்காலா? இத்தனை வருடமாக ஒரு குண்டாச்சட்டியைப் பார்த்தா எரிந்தோம்?

மறுநாள் ஊர்க்குளத்து வழக்குக்குத் தீர்ப்பு. குளத்தை மனையாக்கப் பார்த்த கம்பெனிக்கு எதிராக ஊராருக்கு வாதாடியவள் ராஜகனி. தீர்ப்பு ஊராருக்குத்தான் என்று எழுதி வைத்திருந்தார். நியாயமும் அதுதான். ஆனால் முள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டால் தீர்ப்பு செல்லாது. குளமும் போகும், நாற்காலியும் போகும்.

வராந்தாவில் ராஜகனி நின்றிருந்தாள். நேராகத்தான் நின்றாள், உதட்டின் மேல் வேர்வை பொடித்திருந்தது. "அண்ணாச்சி, பேத்தி செவ்வாயில பரதநாட்டிய அரங்கேற்றம் பண்ணுதா! ஈர்ப்பு கம்மியாம், ஒரு தடவை குதிச்சா எறங்கவே அரைமணி நேரம் ஆகுதாம்."

"அப்படியா?" என்றார் அவர். அவள் முழங்காலைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். சட்டையில் முள் அவள் பக்கம் ஒரு நூல் சரிந்தது.

நீதிமன்றத்தில் ஈ நுழைய இடமில்லை. ராஜகனி வலப்பக்கத்தில் எழுந்து நின்றாள். நீதிமன்றச் சுவரில் தொங்கிய திரையில் முள் வலப்பக்கம் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. கம்பெனி வக்கீல் பல்லைக் காட்டினார். ராஜகனியின் முகம் வெளுத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, பிரம்மசக்தி சொல்லிவிட்டாள் என்று.

குற்றாலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் உயிர் இந்த நாற்காலியில்தான் என்று கண்டுகொண்டு, வலிக்கிற காலோடு தினமும் வந்து நின்று, தாம் எரிவதற்கு விறகு பொறுக்கிப் போட்டிருக்கிறாளே! என்ன மனசு! இப்படி ஒரு மனசு...

இப்படி ஒரு மனசு இவளுக்கு எங்கே கிடைத்தது?

அதே சீனியர். அதே ஆபீஸ். அதே டீக்கடையில் அதே வடை. எல்லாம் ஒன்றுதானே? பிறகு எப்படி இந்த மனசு இவளுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது? விசிறியைக்கூட விட்டுவிடலாம். வீட்டை விட்டுவிடலாம், சந்திரனை விட்டுவிடலாம். இதை எப்படி விடுவது? ஒரே ஒரு நாளாவது, ஒரே ஒரு ஆளுக்காவது, தம்மால் இப்படி ஒரு பொய் சொல்ல முடிந்ததா? நல்லவளாக இருப்பதிலும் இவள்தானா முதல்? இதிலுமா?

அடிவயிற்றில் ஒரு பொறி. பிறகு ஒரு சூளை. பிறகு ஊரில் உள்ள சூளையெல்லாம்.

முள் விறைத்து நிமிர்ந்தது. அப்படி நிமிர்ந்ததை முள் ஆணையம் அதுவரை கண்டதில்லை. கண்ணாடிக் கூட்டை உடைத்துக்கொண்டு மேலே குத்தி நின்றது. குற்றாலிங்கம் தீர்ப்பை வாசித்தார். குளம் ஊருக்கே. செல்லும், செல்லும் என்றது முள். கூட்டம் பாராட்ட வாயைத் திறந்தது. அவமதிப்பு வழக்கு நினைவுக்கு வரவே மூடிக்கொண்டு, மரியாதையாக முறைத்தது.

சபை கலைந்தபின் அவர் அறைக்குள் சேவகர் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னவே இது?"

"மோருங்கய்யா. தடைதான். ராஜகனியம்மா ஒளிச்சுக் குடுத்துவிட்டாவ. 'அண்ணாச்சி ரொம்ப எரிஞ்சுட்டாவ, இன்னைக்கு வேலை முடிஞ்சுட்டுல்லா, ஒரு மடக்குக் குடிக்கச் சொல்லு'ன்னாவ."

குற்றாலிங்கம் செம்பைத் தூக்கிக் குடித்தார். கறிவேப்பிலை, இஞ்சி, ஒரு சிட்டிகை பெருங்காயம். உப்பு அத்தனை சரியாக இருந்தது.

"சை!" என்றார்.

உடைந்த கூட்டுக்குள் முள் மறுபடி நிமிர்ந்தது.